சாயம், துவர்ப்பு, பருப்புப் புரதம்: தோட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் உணவு விஞ்ஞானம் படித்தவள். ஹட்டன் பக்கத்தில் உயர்தர வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் அம்மாமாரோடு சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதும் உண்டு. எங்கே போனாலும் கேள்வி சுற்றிச் சுற்றித் தேத்தண்ணிக்கும் பருப்புக்கும்தான் வந்து நிற்கிறது. பஸ்ஸிலும் கேட்கிறார்கள், கலியாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துத் தரம் சொல்வதற்கு ஒரு தரம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

டீச்சர், சாயம்ங்கிறாங்க, துவர்ப்புங்கிறாங்க, டானின்ங்கிறாங்க, பொலிபீனோல்ங்கிறாங்க. எல்லாம் ஒன்னுதானா?

ஒரே குடும்பம், ஆனால் ஒரே ஆள் இல்லை. சாயம் என்பது தேயிலையிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் சாறு, துவர்ப்பு அது வாயில் தரும் உணர்வு. மற்ற இரண்டும் பொருளின் பெயர். செடிகள் பூச்சியிடமிருந்தும் பூஞ்சணத்திடமிருந்தும் வெயிலிடமிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ளச் செய்து வைக்கும் ஒரு பெரிய இரசாயனக் கூட்டத்துக்குப் பீனோல் சேர்வைகள் என்று பெயர். அதில் பல அலகுகள் கொண்டவை பொலிபீனோல்கள். அவற்றுக்குள்ளும் புரதத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும் பெரிய மூலக்கூறுகளைத்தான் டானின் என்கிறோம். கவ்பித் தோலின் சிவப்பு, குரக்கனின் பழுப்பு, பாக்கின் கறை, வாழைப்பூ அரிந்த கத்தியில் படியும் கறுப்பு எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு.

கொழுந்து பறிக்கிறவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதே இல்லை. விரல் நுனி கறுத்துப்போய் சவர்க்காரம் போட்டாலும் போகாமல் இருக்கிறதே, அது கொழுந்துச் சாற்றிலுள்ள பீனோல்கள் காற்றுப் பட்டு ஒட்சியேறித் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட கறை. இந்தப் பக்கத்தில் சொல்லப்போவதில் பாதி அந்த விரலிலேயே இருக்கிறது.

நாக்கு இழுக்கிறதுக்கும் பருப்புச் சத்துக்கும் என்னா சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். சாயம் தூக்கலான தேத்தண்ணி குடித்ததும் வாய் வறண்டு, நாக்கை யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். கசப்பு நாக்கின் சுவை மொட்டில் தெரிவது. துவர்ப்பு பெரும்பாலும் தொடுகை உணர்வு. நமது உமிழ்நீரில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைந்த புரதங்கள் இருக்கின்றன. அமினோ அமிலம் என்பது புரதத்தைக் கட்டும் செங்கல் மாதிரி. வாயை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்களை டானின் பிடித்துத் திரளாக்கிவிடுகிறது. வழுவழுப்புப் போனதும் வாய் சொரசொரக்கிறது.

வாயில் நடப்பதுதான் குடலிலும் நடக்கிறது. டானினுக்குக் கைகள் அதிகம். ஐதரசன் பிணைப்பாலும், நீரை விரும்பாத பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டுவதாலும் அது புரதத்தைச் சுற்றிக் கட்டிவிடும். அப்படிக் கட்டுப்பட்ட பருப்புப் புரதத்தைச் சமிபாட்டு நொதியங்களால் இலகுவில் வெட்ட ஏலாது. நொதியங்களும் புரதங்கள்தானே, டானின் அவற்றையும் பிடிக்கும். வெட்டப்படாத புரதம் உடம்பில் சேராமல் வெளியே போய்விடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். கடுஞ்சாயத்தை வடித்து ஆறவிட்டு, அதில் முட்டை வெள்ளைக்கருவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கலங்கிப்போய்த் திரள்வது தெரியும்.

புரதத்துல தரம்னு வேற ஒன்னு இருக்கா? எத்தன கிராம்னு பாத்தாப் போதாதா?

போதாது. கடைப் பக்கற்றில் போட்டிருக்கும் கிராம் என்பது கையில் வாங்கிய சம்பளம் மாதிரி. கழிவெல்லாம் போய் வீட்டுக்கு வருவது எவ்வளவு என்பது வேறு கணக்கு. தரம் என்று பார்க்கும்போது இரண்டு விஷயம் பார்க்கிறார்கள். ஒன்று, சாப்பிட்டதில் எவ்வளவு சமிக்கிறது. 1985இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் முட்டைப் புரதம் 97 வீதம் சமிக்கிறது. வெள்ளைக் கோதுமை மா 96, தீட்டிய அரிசி 88, சோயா மா 86, சிறுதானியம் 79, பீன்ஸ் விதை 78. பீன்ஸ் இவ்வளவு பின்னால் நிற்பதற்கு டானினும் ஒரு காரணம். ஒரே காரணம் இல்லை, நார்ப்பொருளும் விதைப் புரதத்தின் கட்டமைப்பும் கூடச் சேர்ந்து நிற்கின்றன.

இரண்டாவது, அமினோ அமிலங்களின் அளவு. நமது ரொட்டிக்குக் குறை லைசின் என்ற அமினோ அமிலம். வளர்ந்தவருக்கு ஒரு கிராம் புரதத்தில் 45 மில்லிகிராம் லைசின் வேண்டும். கோதுமை மாவில் இருப்பது ஏறத்தாழ 22. மைசூர்ப் பருப்பிலோ 70. அதனால்தான் ரொட்டிக்குப் பருப்பு நல்ல கூட்டாளி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிராம் மாவில் சுட்ட ரொட்டிக்கு 40 கிராம் காய்ந்த பருப்பைச் சமைத்துச் சேர்த்துச் சாப்பிட்டால் மொத்தக் கலவை அந்த 45ஐத் தொட்டுவிடுகிறது. நம்மில் எத்தனை வீட்டில் ஒருவர் தட்டுக்கு 40 கிராம் பருப்பு வருகிறது என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். தண்ணியாய் ஒரு கரண்டி ஊற்றுவதில் பத்துப் பதினைந்து கிராம் இருந்தால் அதிகம்.

அப்ப நாங்க தினமும் திங்கிற பருப்புல இந்த டானின் எவ்வளவு கெடக்கு?

நல்ல செய்தி. மிகக் குறைவு. டானின் பெரும்பாலும் விதையின் தோலில்தான் இருக்கிறது, உள்ளே இருக்கும் பருப்பில் கொஞ்சம்தான். இலங்கையில் நாம் வாங்கும் மைசூர்ப் பருப்பு ஏற்கெனவே தோல் நீக்கி உடைத்து வருவது. தோலோடு பார்த்தால் அது பழுப்பு நிறம். அந்தச் செம்மஞ்சள் உள்ளே இருக்கும் நிறம், டானின் இல்லை. ஆகவே பருப்புக் கறியைப் பொறுத்தவரை நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை.

தோலோடு சாப்பிடும் தானியங்களில்தான் இந்தப் பேச்சுக்கு வேலை. கவ்பி, கடலை, தோல் நீக்காத பயறு, கொள்ளு, சிவப்புப் போஞ்சி விதை, குரக்கன்.

சிவப்பு கவ்பி வாங்குறதா வெள்ள கவ்பி வாங்குறதா?

டானினை மட்டும் பார்த்தால் வெள்ளை. பொதுவாகத் தோல் எவ்வளவு கடும் நிறமோ அவ்வளவு டானின். வெள்ளைத் தோல் விதைகளில் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். கடலையிலும் அப்படித்தான். சின்னதாய்ப் பழுப்பாய் இருக்கும் கறுப்புக் கடலையின் தோல் தடிப்பு. அதில் கூடுதல். பெரிய வெளிர்நிறக் கடலையில் குறைவு.

ஆனால் இதற்காக வெள்ளைக் கவ்பிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். சிவப்பில் போகிற சமிபாட்டு நட்டம் சில வீதம்தான். அதே காசுக்குச் சிவப்புக் கவ்பி கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தால் லாபம் சிவப்பில்தான்.

ஊறப்போட்ட தண்ணிய ஊத்திறணுமா? சத்து போயிரும்னு எங்க மாமியார் அதுலயே அவிக்கிறாங்க.

உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் பீ கூட்டு விற்றமின்களும் கனியுப்புகளும் கொஞ்சம் கரைந்து போகத்தான் செய்யும். என்றாலும் கவ்பி, கடலை, சிவப்பு விதைகளுக்கு நான் ஊற்றிவிடச் சொல்வேன். எட்டிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம் ஊறினால் தோலிலிருந்து கரையக்கூடிய டானின் ஒரு பங்கு தண்ணீருக்கு இறங்கிவிடும். அந்தச் செம்பழுப்பு நிறமே சாட்சி. வயிற்றில் காற்றுச் சேர்க்கும் சீனிகளும் அதோடு போகும். பருப்பை இப்படி ஊறப்போடத் தேவையில்லை, கழுவினால் போதும். காரணம் மேலே சொன்னதுதான், தோலே இல்லை.

சிவப்புப் போஞ்சி விதைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் லெக்டின் என்ற நஞ்சுத்தன்மையுள்ள புரதம் இருக்கிறது. டானினோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் அவிக்க வேண்டும். அரைகுறையாய் வெந்தால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும்.

நுவரெலியாவுக்குக் கலியாணம் கட்டி வந்து ரெண்டு வருஷம். இங்க கடலை அவியவே மாட்டேங்குது. கடலையில கோளாறா, எனக்கு அவிக்கத் தெரியலியா?

தங்கச்சி, குற்றம் உங்களிடம் இல்லை. மலைமேல் போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை என்று வைத்துக்கொள்ளலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் கொதிப்பது ஏறத்தாழ 94 பாகையில். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆறு பாகைதானே என்று தோன்றும், ஆனால் விதை மெத்தென்று ஆவதற்கு எடுக்கும் நேரம் அதனால் நன்றாகவே நீண்டுவிடும். பிரஷர் குக்கரில் 115 பாகைக்கு மேல் போகிறது, அதனால்தான் அதில் சட்டென்று வேகிறது. விறகு அடுப்புக் காலத்தில் இங்கே கவ்பிக்கு அரைநாள் அடுப்பு எரிந்ததாக எங்கள் அப்பாயி சொல்வார்.

இரண்டாவது காரணத்துக்குப் பீனோலும் பொறுப்பு. கடலையையும் கவ்பியையும் சூடும் ஈரமும் உள்ள களஞ்சியத்தில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் தோல் நிறம் கறுக்கும், விதை இறுகிவிடும். கலச்சுவர்ப் பொருட்களும் புரதமும் பீனோல்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது அதற்கு ஒரு காரணம். இப்படிப்பட்ட விதை எவ்வளவு அவித்தாலும் நடுவில் கல்லாய் நிற்கும். உங்கள் ஊர்க் குளிரில் வீட்டில் வைத்ததால் அப்படி ஆகியிருக்காது. கடைக்கு வருமுன்னே ஆகியிருக்கும். புதுக் கடலையும் பழங்கடலையும் நிறத்தை வைத்தே ஓரளவுக்குத் தெரியும், மங்கிக் கறுத்ததை வாங்காதீர்கள்.

கொஞ்சம் அப்பச்சோடா போட்டா மெத்துனு வெந்துருதே?

வேகும். காரம் கலச்சுவரைத் தளர்த்திவிடும். ஒரு சிட்டிகையை ஊறவைக்கும் தண்ணீரில் போட்டுவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டினால் டானினும் கூடுதலாக இறங்கும், அதற்கு நான் மறுப்புச் சொல்வதில்லை.

கொதிக்கும் பானையிலே அள்ளிப் போடுவதுதான் பிரச்சினை. காரத்தில் பீனோல்கள் வேகமாக ஒட்சியேறிக் குயினோன் என்ற துடிப்பான பொருளாக மாறும். அது லைசினின் கையைப் பிடித்து நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். முன்னே சொன்ன கட்டு, துணிமூட்டை முடிச்சு மாதிரி, ஓரளவு அவிழும். இது அவிழாது. ரொட்டிக்குக் குறைவான லைசினைக் கொடுக்கத்தான் கடலையைத் தேடுகிறோம், அதையே பூட்டிவிட்டால் என்ன பயன்? தயமின் என்ற விற்றமின் பீ1உம் காரத்தில் அழிந்துபோகும். இந்த ஒட்டலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சூரியகாந்தி விதை மாவில் சோடா சேர்த்து கேக் சுட்டுப் பாருங்கள். உள்ளே பச்சையாய் இருக்கும். அதிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் ஒட்சியேறிப் புரதத்தோடு சேர்ந்த நிறம் அது. சாப்பிடலாம், ஆனால் விருந்தாளிக்கு வைக்க முடியாது.

சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சா பருப்புச் சத்தெல்லாம் தேத்தண்ணி உறிஞ்சிருமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. பருப்பின் புரதத்தைத் தேத்தண்ணி கொஞ்சம் பிடிக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. குடலுக்கு வரும் டானினின் கணிசமான பங்கை உமிழ்நீர்ப் புரதமும் சாப்பாட்டிலுள்ள மற்றப் புரதங்களும் முன்னாலேயே பிடித்துவிடுகின்றன. நன்றாகச் சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணியால் புரதக் குறைபாடு வராது.

இரும்புச்சத்துக்குத்தான் அடி. பருப்பு, கவ்பி, கீரையில் இருக்கும் இரும்பைத் தேயிலைப் பொலிபீனோல் இறுக்கிப் பிடித்துவிடும். 1975இலேயே தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் இதைக் காட்டிவிட்டார்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உறிஞ்சப்படும் இரும்பு பாதிக்கு மேல் குறைந்துபோகலாம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் அந்தத் தடை பெருமளவு குறைகிறது. தேத்தண்ணியை விடு என்று நான் எந்தத் தோட்டத்திலும் சொன்னதில்லை, சொன்னால் என்னை அடுத்த சனிக்கிழமை உள்ளேயே விடமாட்டார்கள். நேரத்தை மாற்றுங்கள் என்கிறேன். காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகுமுன் ரொட்டியும் தேத்தண்ணியும் ஒன்றாய் இறக்குகிற அவசரம் எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் முடியாவிட்டால் பகல் சாப்பாட்டிலாவது மாற்றிப் பாருங்கள். சம்பலில் தேசிக்காய் பிழிவது, ஒரு கொய்யாப்பழம் கடிப்பது, கறியில் நாலு நெத்தலி போடுவது, இந்த மூன்றும் இரும்பை மீட்டுக் கொடுக்கும். நெத்தலி லைசினும் கொண்டுவரும்.

பால் ஊத்திக் குடிச்சா சரியாயிருமா?

வாய்க்குச் சரியாகும். பாலின் கேசின் புரதத்திலும் புரோலின் நிறைய உண்டு. அது டானினைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்புத் தணிகிறது. இரும்பு விஷயத்தில் பால் ஊற்றியதால் பெரிய வித்தியாசம் கிடையாது. சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

கிளினிக்கில தந்த இரும்பு மாத்திரைய தேத்தண்ணியோட முழுங்கலாமா?

கூடாது. தண்ணீர், இல்லாவிட்டால் தேசிக்காய்த் தண்ணீர். பாலோடும் வேண்டாம், கல்சியம் மாத்திரை தந்திருந்தால் அதை வேறு நேரத்தில் போடுங்கள். சந்தேகம் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

எங்க பிள்ளைங்க எல்லாம் கட்டையா இருக்குதுக. தேத்தண்ணி குடுத்து வளத்ததாலதானா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் அம்மாவின் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி இருக்கும். அதனால் நேராகச் சொல்கிறேன். இல்லை. 2016இல் நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை சுகாதார அளவீட்டில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடளாவ ஏறத்தாழ 17 வீதம். தோட்டப் பகுதியில் 32 வீதத்துக்குக் கிட்ட. இந்த இடைவெளியை ஒரு கோப்பைச் சாயத்தின் தலையில் கட்ட முடியாது. தாய் கர்ப்பத்திலேயே மெலிந்திருப்பது, அடிக்கடி வரும் வயிற்றோட்டம், தண்ணீரும் கழிவறையும், கையில் வரும் சம்பளம், தட்டில் முட்டையும் மீனும் பருப்பும் எவ்வளவு விழுகிறது என்பதெல்லாம்தான் பெரிய காரணங்கள்.

ஆனாலும் சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்காதீர்கள். சின்ன வயிறு சீனிச் சாயத்தால் நிறைந்துவிட்டால் பருப்புச் சோற்றுக்கு இடமிருக்காது. இரும்பும் முன்சொன்னபடி தடைப்படும். திரிபோஷ கிடைத்தால் அதைப் பிள்ளைக்கே கொடுங்கள். சோளமும் சோயாவும் விற்றமின்களும் கலந்தது அது. லைசின் குறைந்த சோளத்துக்குச் சோயா துணை, ரொட்டிக்குப் பருப்புப் போல.

குரக்கன் நல்லதுனு எல்லாரும் சொல்றாங்க. அதுல டானின் இருக்குன்னு சொன்னீங்களே?

இரண்டும் உண்மை. குரக்கனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, வேறு எந்தத் தானியத்திலும் இவ்வளவு கிடையாது. புரதம் 7 கிராம் மட்டில். பழுப்புக் குரக்கனின் மேலுறையில் டானின் உண்டு, அதனால் அந்தப் புரதத்தில் ஒரு பங்கு சமிக்காமல் போகும். குரக்கனைப் புரதத்துக்காக யாரும் சாப்பிடுவதில்லை. பிட்டாகவோ ரொட்டியாகவோ பண்ணி, கூடவே பருப்போ மீனோ வைத்தால் அந்த நட்டம் தெரியாது. முளைகட்டிக் காயவைத்து அரைத்த மா இன்னும் நல்லது.

டானினால் தானியத்துக்கு லாபமும் உண்டு. டானின் கூடிய இறுங்கு வகைகளைக் குருவிகள் தொடாது. விவசாயி சந்தோஷப்படுவார், சாப்பிடுபவருக்குத்தான் கொஞ்சம் குறைகிறது.

முளை கட்டுனா, மாவு புளிக்க வச்சா டானின் போயிருமா?

குறையும். முளைக்கும்போது முதலில் ஊறுகிறது, அதிலேயே ஒரு பங்கு போய்விடும். பிறகு விதையின் சொந்த நொதியங்கள் விழித்துப் புரதத்தையும் பைற்றேற் என்ற இரும்பு பிடிக்கும் பொருளையும் உடைக்கத் தொடங்கும். முளைப்பயறின் லாபத்தில் பைற்றேற் குறைவதும் சேர்த்திதான். தோசை மாவில் உளுந்தின் கறுப்புத் தோலைக் கழுவி எடுத்துவிடுகிறோம், டானின் அப்போதே போய்விட்டது. புளிப்பு அதற்கு மேல் செய்கிற வேலை வேறு.

கச்சான் தோல, பலாக்கொட்டத் தோல என்ன செய்றது?

இரண்டையும் எடுத்துவிடலாம். கச்சானின் சிவப்புத் தோல் கையில் கசக்கி ஊதினால் பறந்துவிடும். பலாக்கொட்டையின் வெள்ளை ஓட்டுக்குக் கீழே இருக்கும் பழுப்புச் சவ்வை அவித்த பிறகு சுரண்டினால் துவர்ப்புக் குறையும். சுரண்டாமல் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது.

சோயா மீட்?

டானினைப் பொறுத்தவரை கவலையில்லை. அது எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து செய்வது. பச்சைச் சோயாவில் திரிப்சின் என்ற சமிபாட்டு நொதியத்தைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கும். அது புரதம், பீனோல் அல்ல. தயாரிப்புச் சூட்டிலும் அடுப்பிலும் பெரும்பாலும் அழிந்துவிடும். சுவைக்குப் பக்கற்றுக்குள் வைத்திருக்கும் உப்புத் தூளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், எனது கவலை அதில்தான்.

டீவியில பொலிபீனோல் மாரடைப்புக்கு நல்லது, சீனி வியாதிக்கு நல்லதுன்னு சொல்றாங்க. நீங்க மட்டும் எதிராப் பேசுறீங்களே டீச்சர்?

எதிராகப் பேசவில்லை, ஒரே பொருளின் இரண்டு முகத்தைச் சொல்கிறேன். புரதத்தைப் பிடிக்கிற அதே குணத்தால் மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியங்களையும் பொலிபீனோல் மெதுவாக்கும். நாள் முழுக்கச் சோறும் ரொட்டியும் சாப்பிட்டு உட்கார்ந்து வேலை செய்கிற, புரதத்துக்குக் குறையில்லாத ஒருவருக்கு அது நன்மை. ஒரு கரண்டிப் பருப்பில் நாளை ஓட்டும் கர்ப்பிணிக்கு அதே மெதுவாக்கல் நட்டம். சிவப்பரிசித் தவிடு, கவ்பித் தோல் என்று நகரத்தில் எழுதுகிற ஆலோசனையை தோட்டத்து லயத்துக்கு அப்படியே கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. பருப்பின் அளவைக் கூட்டிவிட்டு அப்புறம் தோலைப் பற்றிப் பேசலாம்.

வெத்தல பாக்கு போட்டாலும் துவர்க்குது. அதுவும் இந்த வேலதான் செய்யுமா?

பாக்கில் டானின் மிக அதிகம். சுண்ணாம்பு பட்டதும் சிவப்பது மேலே சோடா பற்றிச் சொன்ன அதே ஒட்சியேற்ற வகைதான். ஆனால் பாக்கில் புரதக் கணக்குப் பார்ப்பது வீடு எரியும்போது கோழிக்கூட்டைப் பார்ப்பது மாதிரி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கைப் புகையிலை இல்லாமலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. வாயில் வெள்ளைப் படலம், ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் இருந்தால் உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள்.

மாட்டுக்கு டானின் உள்ள தழை நல்லதுன்னு வெட்னரி ஆபீஸ்ல சொன்னாங்க. மனுசனுக்குக் கெட்டது மாட்டுக்கு எப்பிடி நல்லதாகும்?

மாட்டின் வயிறு வேறு. முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் காத்திருந்து நல்ல புரதத்தையும் அமோனியாவாக உடைத்துவிடும். டானின் அங்கே புரதத்தைக் கட்டிக் காப்பாற்றும். பிறகு நாலாவது வயிற்றின் கடும் அமிலத்தில் கட்டு அவிழ்ந்து, புரதம் குடலில் மாட்டுக்கே சேரும். வயிறு உப்புசம் பிடிப்பதும் குறையும். தீவனத்தின் உலர்நிறையில் 2 முதல் 4 வீதம்வரை இருந்தால் இந்த நன்மை. அதற்கு மேலே போனால் மாடு தின்னாமல் முகத்தைத் திருப்பும். கலியாண்ட்ரா போன்ற டானின் கூடிய தழையை முழுச் சாப்பாடாகப் போடாமல் புல்லோடு கலந்து போடச் சொல்வது இதனால்தான்.

எங்க பாட்டி எம்பது வருசம் கடுஞ்சாயம் குடிச்சிச்சு, ஒன்னும் ஆகலியே?

பாட்டிக்கு உமிழ்நீர் துணை நின்றது. மனிதரின் கன்னத்துச் சுரப்பியிலிருந்து வரும் புரதத்தில் ஏறத்தாழ 70 வீதம் முன்னே சொன்ன புரோலின் நிறைந்த வகை. எலிக்கு டானின் கூடிய தீனி போட்டால் சில நாளிலேயே அதன் சுரப்பி பெருத்து இந்தப் புரதத்தை அதிகமாய்ச் சுரக்கத் தொடங்கும். நமக்கு அது பிறவியிலேயே எப்போதும் சுரந்துகொண்டிருக்கிறது. டானின் தின்று பழகிய உயிரினம் நாம். ஆனால் பாட்டியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது என்று அந்தக் காலத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மிஸ், புரொஜெக்ட்டுக்குக் கவ்பிய அவிச்சு டானின் அளந்தோம். பாதிக்கு மேல கொறஞ்சிருச்சு. அப்ப அவிச்சா டானின் அழிஞ்சிருதுன்னு எழுதலாமா?

எழுத வேண்டாம். நீங்கள் அளந்தது கரைப்பானில் கரைந்து வந்த டானினை மட்டும். அவிக்கும்போது ஒரு பங்கு தண்ணீருக்குப் போயிருக்கும், ஒரு பங்கு சூட்டில் மாறியிருக்கும். இன்னொரு பங்கு புரதத்தோடும் கலச்சுவரோடும் இறுக ஒட்டிக்கொண்டு கரைப்பானுக்குப் பிடிபடாமல் உள்ளேயே இருக்கும். புரதத்தைப் பொறுத்தவரை நமக்கு அக்கறையானதே அந்த மூன்றாவது பங்கு. அதை உங்கள் எண் காட்டவில்லை. "பிரித்தெடுக்கக்கூடிய டானின் குறைந்தது" என்று எழுதினால் சரி.

அவித்த தண்ணீரையும் ஊறவைத்த தண்ணீரையும் தனித்தனியே எடுத்து வைத்தீர்களா? இல்லையென்றால் மறுபடி செய்யுங்கள். இரண்டிலும் பெரிக் குளோரைட்டு ஓரிரு துளி விட்டுப் பாருங்கள். கவ்பியில் இருப்பது பெரும்பாலும் ஒடுங்கிய வகை டானின், அதாவது சின்னப் பீனோல் அலகுகள் சங்கிலியாய்க் கோத்த வகை, அதற்குப் பச்சை கலந்த கறுப்பு வரும். கேலிக் அமிலத்திலிருந்து வரும் வகையாயிருந்தால் நீலக் கறுப்பு. இரண்டு தண்ணீரிலும் எவ்வளவு போனது என்று அளந்து, அவித்த விதையில் அளந்ததையும் சேர்த்துக் கூட்டிப் பச்சை விதையின் அளவிலிருந்து கழித்தால், காணாமல் போனது எவ்வளவு, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடியது எவ்வளவு என்று ஒரு பத்தி எழுதலாம். பரீட்சகர் கேட்கப்போவது அந்தப் பத்தியைத்தான்.